கரப்பான் பண்டம்

வடக்குப்பட்டு,
12-5-1991

அன்புள்ள மாப்பிள்ளை ராஜசேகர் அவர்களுக்கு,

உங்கள் அத்தை சுந்தராம்பாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் கங்காவும் குழந்தையும் ஏதோ இருக்கிறோம். பிலாயில் வெயில் ரொம்பக் கடுமை என்று ரேடியோவில் சொன்னார்கள். இரும்பு ஆலையில் உலைப் பக்கம் வேலை செய்கிற உடம்பு, மோர் நிறையக் குடியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. கங்காவுக்கு எழுதாமல் எனக்கு எழுதியிருந்தீர்கள். அவள் என்னதான் சாப்பிடுகிறாள், குழந்தைக்கு ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டிருந்தீர்கள். கையெழுத்து உங்களுடையதாக இருந்தாலும் படிக்கும்போது உங்கள் அம்மா குரல்தான் காதில் கேட்டது. தப்பாக நினைக்க வேண்டாம், மனசில் பட்டதை எழுதுகிறேன்.

குழந்தைக்குக் கரப்பான் இன்னும் ஆறவில்லை. இரண்டு கன்னமும் சிவந்து வெடித்து நீர் கசிகிறது. முழங்கை மடிப்பிலும் இறங்கியிருக்கிறது. சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாமல் இருக்க, நீங்கள் விட்டுப்போன பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு சின்னப் பை தைத்துக் கையில் மாட்டிவைத்திருக்கிறேன். அந்தக் கையோடே முகத்தைத் தேய்த்துக்கொண்டு அழுகிறது.

தாய் தின்பது பாலில் இறங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கருவாடு, கத்தரிக்காய், வேர்க்கடலை, கம்பு என்று கரப்பான் பண்டம் ஒன்றுகூட அவள் தட்டில் விழவில்லை. காலையில் இட்லி, மற்ற வேளைக்கு மிளகு ரசமும் சுட்ட பூண்டும் சோறும்தான். அப்படியும் ஆறவில்லை என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதனால் பெற்ற மகளையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன். அன்றைக்குப் பக்கத்து வீட்டு ராஜம்மா கருவாடு வறுத்தாள். கங்கா அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெற்றிலை போட்டு மறைத்தாளோ என்னவோ, அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஒன்றில் மட்டும் குறை வைக்கவில்லை. பால்காரன் ராஜாமணியிடம் சொல்லி நீங்கள் ஏற்பாடு செய்துவிட்டுப் போன பால் இரண்டு வேளையும் வருகிறது. பத்தியச் சோறு தின்கிற உடம்புக்கு அதுதான் தெம்பு. பெரிய டம்ளரில் ஊற்றி, எதிரிலேயே நின்று கடைசிச் சொட்டுவரை குடிக்க வைக்கிறேன். அவன் பாலில் தண்ணீர் கலக்கிறானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவன் முழியே சரியில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து உங்கள் அம்மா வந்தார்கள். குழந்தையை மடியில் வாங்கவில்லை. தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வூட்டுக்காரருக்குக் கையில இன்னாவோ வெள்ளையா இருந்துச்சாமே, அது இன்னா?" என்று கேட்டார்கள். அது செங்கல் சூளையில் வெந்த தழும்பு. பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொன்னதுதான். மனுஷர் போய்ச் சேர்ந்தபிறகு மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார்கள். உங்களுக்கும் இப்படி எழுதியிருப்பார்களோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் மாதம் நீங்கள் வந்து பெயர் வைத்து, தாயையும் பிள்ளையையும் தொட்டிலோடு அழைத்துப்போவதாகப் பேச்சு. ஆனியில் முடியாவிட்டால் ஆடி குறுக்கே வந்துவிடும். நீங்கள் எழுதிய இசைவாணி என்ற பெயரைச் சொல்லி இங்கே யாரும் இன்னும் கூப்பிடவில்லை. தகப்பன் முதலில் காதில் சொல்லட்டும் என்று வெறுமனே பாப்பா என்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும் அத்தை
சுந்தராம்பாள்

வடக்குப்பட்டு,
9-6-1991

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்ததை நீங்களும் அங்கே பேப்பரில் படித்திருப்பீர்கள். எங்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊர் பழைய ஊராக இல்லை. வெளியூர் ஆள் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று போலீஸ் வீடு வீடாகக் கேட்டுவிட்டுப் போனது. அதிலிருந்து தண்ணீர் கேட்டு யார் நின்றாலும் எங்கள் தெருவில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். நானும் சாத்தினேன். பிறகு பார்த்தால் வந்தவர் நம் தபால்காரர்.

உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால்காரரிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டேன்.

நல்ல சேதி ஒன்று. குழந்தையின் கன்னம் ஆறிவருகிறது. நீர் கசிவது நின்று, பொருக்கு உதிர்ந்து, புதுத் தோல் தெரிகிறது. விடியும்வரை தூங்குகிறது. எப்படி ஆறியது என்பதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஒரகடத்தில் கடை திறக்கவே சில நாள் ஆயிற்று. வீட்டில் பருப்பில்லை, மிளகில்லை. வேலியோரம் கத்தரிச்செடி காய்த்துக் கிடந்தது, பானையில் கருவாடு இருந்தது. பால் கொடுக்கிற பெண்ணைப் பட்டினி போட முடியுமா? பிள்ளையாரே காப்பாற்று என்று வேண்டிக்கொண்டு அதையே குழம்பு வைத்துப் போட்டேன். கங்கா சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. காலையில் குழந்தைக்கு உடம்பெல்லாம் பொங்கியிருக்கும் என்று பயந்துகொண்டே துணியை விலக்கினேன். பொங்கவில்லை. நாளாக நாளாகக் குறைந்துதான் வந்தது.

அப்படியானால் குற்றவாளி யார்? யோசித்துப் பார்த்தேன். விசாரணைக்குப் பயந்து ராஜாமணி சைக்கிளைப் போட்டுவிட்டுத் திண்டிவனம் பக்கம் ஓடிவிட்டான். அவன் பால் நின்றது, குழந்தைக்குச் சொறி நின்றது. நான் அப்போதே எழுதினேன் அல்லவா? எந்தக் குட்டைத் தண்ணீரைக் கலந்து ஊற்றினானோ பாவி! திரும்பி வரட்டும், அவனுக்கு இருக்கிறது.

இனி கவலை வேண்டாம். ராஜம்மாவின் பசு கன்று போட்டிருக்கிறது. நாளையிலிருந்து என் சொம்பை நானே கொண்டுபோய், பக்கத்தில் நின்று கறக்க வைத்து வாங்கிவரப் போகிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சேராது. குழந்தையின் முகத்தை வந்து பார்க்கும்படி உங்கள் அம்மாவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டுப் பேசட்டும்.

நல்லபடியாகப் பதில் எழுதுங்கள்.

அத்தை
சுந்தராம்பாள்

வடக்குப்பட்டு,
4-7-1991

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை நின்று நிதானமாகப் படியுங்கள். உங்கள் அம்மா எழுதியது முதலில் வந்து சேர்ந்திருக்கும். அவர்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் பாதிதான் பார்த்தார்கள்.

ராஜம்மா வீட்டுப் பால் ஆடை கெட்டியாகப் படிகிற பால். முன்னைவிடக் கூடவே ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கன்னம் சிவந்தது. அதற்கப்புறம் கழுத்து, காது மடல், தொடை எல்லாம் வெடித்து, பழையதைவிட மோசமாகிவிட்டது. நான் சொல்லி அனுப்பியபடி அந்த நேரம் பார்த்து உங்கள் அம்மா படியேறி வந்தார்கள். பார்த்தார்கள். "இது பரம்பர சீக்கு. புள்ளயத் தொட்லோட இங்கியே வெச்சிக்கினு இருங்க, என் புள்ளைக்கு நான் எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள்.

எனக்கு வெறி பிடித்தாற்போல ஆகிவிட்டது. கங்காவின் பாயை உதறினேன், டிரங்குப் பெட்டியைக் கொட்டினேன். ராஜம்மா பால் சொம்பில் எதையாவது போட்டாளோ என்றுகூட நினைத்தேன். சாயங்காலம் வழக்கம்போல டம்ளரை நீட்டினபோது கங்கா வாங்கவில்லை. இத்தனை நாளும் எதிர்த்துப் பேசாத பெண், "இன்னாம்மா, நான் துன்றதெல்லாம் பாக்குற. நீ ஊத்தறத மட்டும் பாக்க மாட்டேன்றியே" என்றாள். பால் நின்றபோது ஆறியதும், வந்தபோது பொங்கியதும் எனக்குத் தெரியவில்லையா என்று கேட்டாள். தண்ணீர்ப் பாலுக்குச் சொறி கொஞ்சம், கெட்டிப் பாலுக்கு நிறைய என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்தேன். ஆனாலும் நம்பவில்லை. பால் எந்தக் காலத்தில் கரப்பான் பண்டமாயிற்று? சுவாமிக்கு ஊற்றுகிற பொருள் அல்லவா? மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார்கள். சில குழந்தைகளுக்கு மாட்டுப்பால் சேராது, தாய் குடித்தாலும் அது தாய்ப்பால் வழியாக இறங்கும் என்றார்கள். பால், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் கங்கா விட்டுவிட வேண்டும். ஆனால் தாய்ப்பாலை மட்டும் நிறுத்தவே கூடாது. கேழ்வரகு, கீரை, மீன் என்று வயிறார மற்றதைச் சாப்பிடட்டும், குழந்தை வளர வளரப் பெரும்பாலும் இது சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். ஒட்டுகிற நோயா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார்கள். என் வீட்டுக்காரர் தழும்பைப் பற்றியும் கேட்டுவிட்டேன். சிரித்துவிட்டார்கள்.

அன்றோடு பாலை நிறுத்தினோம். சொறி இப்போது மறைந்துவிட்டது. முழங்கை மடிப்பில் மட்டும் லேசான சிவப்பு இருக்கிறது. கங்காவின் கன்னத்திலும் சதை பிடித்திருக்கிறது. ராஜாமணி திரும்பி வந்துவிட்டான். திட்டுவதற்குப் பதிலாகக் காப்பி போட்டுக் கொடுத்தேன். பால் இல்லாத காப்பிதான். ஏன் கொடுக்கிறேன் என்று தெரியாமல் முழித்தான். அந்த முழி பிறவியிலேயே அப்படித்தான் போலிருக்கிறது.

உங்களைக் குறை சொல்ல வரவில்லை. பெண்டாட்டி தெம்பாக இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்தீர்கள். அன்பாகக் கொடுத்ததை யார் சந்தேகப்படுவார்கள்? நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தாலும் உங்கள் அம்மா முதலில் பால் டம்ளரைத்தான் நீட்டுவார்கள். வேண்டாம் என்று கங்கா சொன்னால் திமிர் என்பார்கள். நான் சொன்னால் குடும்பச் சீக்கை மறைக்கிறாள் என்பார்கள். நீங்கள் சொன்னால்தான் எடுபடும். கடிதத்தில் சொன்னால் போதாது, கூட நின்று சொல்ல வேண்டும்.

நான் ராஜாமணியைச் சந்தேகப்பட்டேன், ராஜம்மாவைச் சந்தேகப்பட்டேன், பெற்ற மகள் வாயை முகர்ந்து பார்த்தேன். உங்களை மட்டும் இன்றுவரை சந்தேகப்படவில்லை. கங்கா எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராதபோதும், வேலை அதிகமாக இருக்கும் என்றே அவளிடம் சொல்லிவந்தேன். அந்த வார்த்தையைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

ஆடி பிறக்கப் போகிறது. உங்கள் வேட்டியில் தைத்த பைகளைக் குழந்தையின் கையிலிருந்து கழற்றிவிட்டேன். இத்தனை மாதமாகக் கட்டிக் கிடந்த கை, இப்போது எட்டினதையெல்லாம் பிடிக்கிறது. விரலை நீட்டினால் இறுகப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. பெயர் இன்னும் அப்படியே காத்திருக்கிறது, எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. வந்து சொல்லுங்கள், மாப்பிள்ளை. தாயும் பிள்ளையும் தகப்பனுமாக நீங்கள் மூவரும் ஒரே கூரையின் கீழ் நூறு வயது வாழ வேண்டும்.

உங்கள் அத்தை
சுந்தராம்பாள்