மூன்று நாள், திருப்தி

ஜூன் 9, திங்கள்

சோளகக் காற்று பிய்த்து வாங்குகிறது. வார்ட் ஜன்னலைப் பூட்டினால் புழுக்கம், திறந்தால் மணல்.

செய்ய: டிஸ்சார்ஜ் கடிதம் மூன்று. மகளின் நாலாம் மாத ஊசி. பால் பம்ப் கழுவ. ஆய்வுகூடப் படிவம்.

படிவம் தந்தது றிஸ்வானா, இரத்தம் பரிசோதிக்கிறவள். வைரஸ் பரிசோதனைகளில் வைத்தியர்களுக்குத் திருப்தியா என்று மேலிடம் கேட்கிறதாம். தேத்தண்ணீர் ஆறுமுன் முடித்தேன். வெளியே அனுப்பும் இரத்தத்துக்கு மூன்று நாளில் முடிவு. திருப்தி. எல்லாம் திருப்தி.

ஜூன் 10, செவ்வாய்

ஊசி குத்திவிட்டது. எனக்கு.

இலுப்பைக்கடவை மரியதாஸ் ஐயா. கடற்தொழில், நாலு நாள் காய்ச்சல். இரத்தம் எடுத்து முடிக்கையில் கையை வெடுக்கென்று இழுத்தார். கையுறையைத் துளைத்து என் பெருவிரலில். சவர்க்காரம், ஓடும் தண்ணீர், எல்லாம் ஒழுங்காகச் செய்தேன்.

பயம் எச்.ஐ.வி.க்கு. அவருடைய இரத்தத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கேட்டவுடன் சம்மதித்தார், பாவம். உடனே பார்க்கிற பரிசோதனைக் கிற் முடிந்துவிட்டது, இரத்தம் வெளியே போயிருக்கிறது. மூன்று நாள்.

தடுப்புக் குளிசை விழுங்கத் தொடங்கியாயிற்று. முடிவு வரும்வரை பால் கொடுக்காதிருப்பது நல்லது என்றார் பெரிய டொக்டர்.

கணவருக்கு போன் எடுத்துச் சொன்னேன். "நீர் சாப்பிட்டனீரோ?" என்றார்.

ஜூன் 11, புதன்

பாலைப் பிழிந்து கைகழுவும் பேசினில் ஊற்றினேன். அழுதேன், பொய் எழுதுவானேன்.

மகள் போத்தல் பாலைத் துப்புகிறாள். கணவர் லீவு போட்டுக் கரண்டியால் பருக்குகிறார். நான் கிட்டப் போனால் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். அடுத்த அறைக்குள் போய் இருந்தேன்.

மரியதாஸ் ஐயாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றால் மாட்டாராம். எனக்குக் கைக்குழந்தை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"கையை இழுத்தது நான்தானே, டொக்டர். உங்கட பிள்ளை பால் குடிக்குது எண்டு கேக்காம எப்பிடி வீட்டை போறது?"

கட்டில் வேறு ஆளுக்கு வேண்டும் என்று சினந்தேன். சரி என்று விறாந்தை வாங்குப் பலகையில் போய்க் குந்திவிட்டார், செபமாலையோடு.

ஜூன் 12, வியாழன்

படிவத்தைத் திருப்பிக் கேட்டேன். றிஸ்வானா ஒட்டிய உறையைக் கிழித்து எடுத்தாள். மற்ற டொக்டர்மாருடையதும் உள்ளே. மூன்று நாளுக்கு எல்லாருமே திருப்தி. வெட்கம்கெட்ட கூட்டம், என்னையும் சேர்த்து.

போன மாதம் வங்காலைப் பெண் ஒருத்தி, வயிற்றில் பிள்ளை, இதே பரிசோதனை. மூன்று நாளில் முடிவு வரும், யோசியாதேங்கோ என்று அனுப்பினேன். வாசலில் நின்று, "மூண்டு நாளோ, டொக்டர்?" என்று திரும்பக் கேட்டாள். எரிந்து விழுந்தேன். இன்று முழுக்க அந்தக் குரல்தான்.

வெட்டி எழுதினேன்: திருப்தி இல்லை. காரணம் எழுத இரண்டு வரிதான் விட்டிருந்தார்கள். பின்பக்கமும் நிரப்பினேன்.

றிஸ்வானா வாசித்தாள். முடிவு வந்ததா என்று தினமும் வந்து நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்வது தான்தானே என்றாள். பிறகு மெதுவாக, "ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்குத் துஆ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

ஜூன் 13, வெள்ளி

பத்தரை. றிஸ்வானா ஓடி வந்தாள், போன் எடுக்கலாம் என்பதையும் மறந்து. நெகற்றிவ். அவருக்கு ஒன்றுமில்லை, ஆகவே எனக்கும்.

கணவருக்குச் சொல்ல முன்னம் விறாந்தைக்குத்தான் போனேன். உங்கள் இரத்தத்தில் ஒரு குறையும் இல்லை, ஐயா என்றேன். அது அவர் காதில் ஏறவே இல்லை.

"அப்ப பிள்ளை குடிக்கலாமோ?"

"ஓம், ஐயா. குடிக்கலாம்."

சிலுவை போட்டார். பையைத் தூக்கினார். பஸ்ஸுக்கு நேரமாம். மருந்தை விட்டுவிட்டுப் போன மனிசனுக்குப் பின்னால் நான் ஓடினேன்.

பின்னேரம், வீடு. மகள் முகத்தைத் திருப்பிவிட்டாள். மூன்று நாள் கோபம். மடியில் வைத்துக் கெஞ்சினேன், பாடினேன், மன்னிப்புக் கேட்டேன். கணவர் கதவடியில் கரண்டியும் கையுமாக நின்றார்.

குடிக்கிறாள். இடையில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கிறாள், நான்தானா என்று. நான்தான், குஞ்சு. ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணுகிறது, பேனையைப் பிடிக்க வருகிறாள், விடு