யதுசனுக்கு ஒரு மெட்டு

கொழும்பு
12.06.2024

அன்பான அம்மாவுக்கு,

நான் சுகம். பிரஷர் குளிசையைத் தவறாமல் போடுங்கோ. போனில் கதைத்தால் அழுகை முந்திவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

மாதா கோயில் பாடகர் குழு, பிறகு வவுனியாக் கல்யாணவீடுகளில் பைலா ஆட்டப்பாட்டு, இங்கே வந்து ராப். "ஒரு இடத்தில நில்லடி" என்று பேசுவீர்கள். என்ன செய்ய, ஒவ்வொரு பாட்டும் தனக்கென்று ஒரு மெட்டைக் கேட்கிறது. ஒரு வரி சரியாக வந்து விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சோறும் வேண்டாம்.

மாத முடிவில், என் சொந்தப் பாட்டுகள் மட்டும் வைத்து முதல் கச்சேரி. அதில் தம்பி யதுசனுக்கு ஒன்று இருக்கிறது. போன மார்கழியில் அவனுடைய படகு கரை திரும்பாமல் போன பிறகு நான் எழுதிய ஒரே பாட்டு. பக்கத்து வீட்டு டிலக்ஸனின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் என்ன சொல்வீர்களோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் மகள்,
நிதர்சனா

முல்லைத்தீவு
20.06.2024

பிள்ளை நிதா,

டிலக்ஸன் பாட்டைப் போட்டுக் காட்டினவன். பாதியிலயே நிப்பாட்டச் சொல்லிப்போட்டன். அது ஒப்பாரியெல்லோ. செத்தவீட்டில வைக்கிறதை உயிரோட இருக்கிற பிள்ளைக்கு வைப்பினமோ? உனக்கென்ன விசரே?

பங்குச் சுவாமியும் ஆத்தும சாந்திப் பூசை வைப்பமோ எண்டு கேட்டவர். மாட்டன் எண்டிட்டன். காத்து இழுத்துக்கொண்டுபோய் எந்தக் கரையில விட்டுதோ. எங்கட ஊர்க் கிறகோரியரும் படகு இழுபட்டுப்போய் இந்தியாவில கரையேறித் திரும்பி வந்தவர்தானே. உன்ர வாயால என்ர பிள்ளையைச் சாகவைச்சுப் போடாதை.

அதை மேடையில பாடினியெண்டால் இந்த வாசலுக்கு வராதை. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

கொழும்பு
05.07.2024

அன்பான அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நித்திரை இல்லை. என் பாட்டால் அவனுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று நெஞ்சு பதறுகிறது.

மெட்டை மாற்றிவிட்டேன். "சோறு போட்டு மூடி வைச்சிருக்கு, தம்பி வாடா" என்ற அதே வரிகள்தான், ஆனால் இப்போது பைலா. கல்யாணவீடுகளில் அவன் எப்படி ஆடுவான் என்று உங்களுக்குத் தெரியும்தானே. கச்சேரியில் அப்படித்தான் பாடினேன். சனம் எழும்பி ஆடியது. என் பழைய வவுனியாக் கோஷ்டிக்காரரும் பாட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

இனி நான் வீட்டுக்கு வரலாமா அம்மா? ஒரு வரி எழுதுங்கோ.

நிதர்சனா

முல்லைத்தீவு
22.07.2024

பிள்ளை,

சனிக்கிழமை எங்கட தெரு நிறஞ்சனாவின்ர கல்யாணவீடு. உன்ர பழைய கோஷ்டிதான் வந்தது. உன்ர பாட்டைத் துவங்க எல்லாரும் எழும்பி ஆடிச்சினம், டிலக்ஸனும். எனக்கு வந்த கோவம் சொல்லேலாது. "என்ர பிள்ளை கடலுக்க கிடக்கிறான், நீங்கள் ஆடுறியளோ" எண்டு கத்திப்போட்டன். பாட்டு நிண்டிட்டுது.

அந்தச் சனத்தில ஒரு பிழையும் இல்லை. அவன் வருவான் எண்டு வீடு வீடாச் சொல்லித் திரிஞ்சவளே நான்தான். வழியில நடந்து வரேக்கதான் நான் என்ன சொன்னனான் எண்டு எனக்கே விளங்கிச்சு. அப்பிடியே றோட்டில குந்தி இருந்திட்டன்.

சுவாமியிட்டைச் சொல்லிப்போட்டன். வாற சனிக்கிழமை பூசை. வெள்ளிக்கிழமையே வந்திடு. நீ பாடவேண்டாம் பிள்ளை. ஒப்பாரியை நான் வைக்கிறன், நீ என்னைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டிரு.

அம்மா