பெயர் வரும் இடத்தில் இரண்டு தட்டு

நவம்பர் 9, ஞாயிறு. அல் ஐன், அமீரகம்

காலையில் மூடுபனி. பள்ளி பஸ்கள் நாற்பது நிமிடம் தாமதம். நேற்று இரவு முதல் முறையாக ஏசி இல்லாமல் தூங்கினோம்.

வேலைகள்: ஏழாம் வகுப்பு நூலகப் பதிவேடு. கிழிந்த அட்லஸ் இரண்டு. விருந்தாளிக்குத் தண்ணீர், மைக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

விருந்தாளி டேரன். ஆஸ்திரேலியப் பழங்குடி ராப் பாடகர். குழந்தைகள் தின விழா வியாழன் மாலை. அதற்குள் பத்தாம் வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு ராப் சொல்லித்தர வேண்டும். கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. "நீதான் நிறையப் படிக்கிறவளாச்சே" என்றார் வைஸ் பிரின்சிபல் லலிதா மேடம். எனக்குக் கொடுக்கும் கூடுதல் வேலை எல்லாம் இந்த வாக்கியத்தோடுதான் வருகிறது.

தன் ஊரில் சிறுவர் சிறையிலிருந்து வெளிவரும் பிள்ளைகளைத் தேடிப்போகிறாராம். பழைய வேன், ஒரு மைக், ஒரு கணினி. கோர்ட் வாசலில் நின்று பாடியதற்காக இரண்டு முறை பிடித்துப்போயிருக்கிறார்கள். "என்னை வெளிநாட்டுக்கு அனுப்ப டிக்கெட் இருக்கிறது, வேனுக்கு டயர் வாங்க இல்லை" என்றார். சிரித்துக்கொண்டுதான்.

பிள்ளைகள் அவரை அங்கிள் என்கிறார்கள். இங்கே வாட்ச்மேனும் அங்கிள், பல் டாக்டரும் அங்கிள். அவருக்கோ முகம் மாறிவிட்டது. அவர்களிடையே அது சம்பாதிக்க வேண்டிய பெயராம். முதல் நாளே பன்னிரண்டு பேர் சும்மா கொடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 10, திங்கள்

அவர் முதலில் கேட்டது: "உன் மண் எது?" தன் ஊரில் யாரைச் சந்தித்தாலும் அதைத்தான் கேட்பாராம். பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தன், "சார், வில்லா நம்பரா?" சிரிப்பு.

பரணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்பா சனாயா தொழிற்பேட்டையில் ஏசி மெக்கானிக். இங்கேயே பிறந்தவள், நன்றாக ஆங்கிலம் பேசுபவள். வீட்டில் திட்டு வாங்கும் மொழியில் எழுது என்று டேரன் சொன்னதும் நான்கு வரி எழுதினாள்.

பிறந்த ஊர் கேட்டா கார்டைக் காட்டு
சொந்த ஊர் கேட்டா டிக்கெட்டைக் காட்டு
அப்பா கை காய்ச்சது எந்த ஊரு
நான் நடந்த மண்ணுக்கு என்ன பேரு

ஆறு ஆண்டாக இந்தப் பள்ளியில் கட்டுரைப் போட்டிகளைத் திருத்துகிறேன். இப்படி ஒன்று வந்ததில்லை.

டேரன் தன் பாட்டின் நடுவில் அதைச் சேர்த்துவிட்டார். காவல் நிலையத்தில் இறந்துபோன சித்தி மகனைப் பற்றிய பாட்டு அது. அவன் பெயர் வர வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு காலால் இரண்டு தட்டு. அதற்கு அடுத்து பரணியின் வரிகள்.

மதியம் பஷீர் பாய். அரசு அலுவலகத்தில் பள்ளிக்கு அனுமதி வாங்கும் வேலை எல்லாம் அவர் கையில். கீழக்கரைக்காரர்.

"பாட்டு வரி எல்லாம் டைப் அடிச்சு இன்னைக்கே குடும்மா. இது என்ன, நடுவுல புள்ளி புள்ளியா?"

"அங்கே ஒரு பெயர் வரும் பாய். சொல்ல மாட்டார்."

"சொல்லுறாரோ இல்லையோ, கட்டம் காலியா இருந்தா கவுண்டர்லயே கலாஸ். எதை மறைக்கிறீங்கம்பான். நெரப்பு."

டேரன் பிள்ளைகளோடு இருந்தார். தொந்தரவு செய்யவில்லை. அவர் கொடுத்த பழைய சிடியின் உள்ளட்டையில் நன்றிப் பட்டியல் இருந்தது. மூன்றாவது பெயர், பக்கத்திலேயே சித்தி மகன் என்று: ■■■■■■. டைப் அடித்தேன். நானே கண்டுபிடித்ததில் கொஞ்சம் பெருமைகூட.

நவம்பர் 11, செவ்வாய்

முத்திரையோடு வந்துவிட்டது. பஷீர் பாய் மேசையில் வைத்து, "பார்த்தியா, ஒரே நாள்."

லலிதா மேடத்துக்குப் பாட்டு வரிகளும் விழாத் தாளில் அச்சாக வேண்டுமாம். "ராப்னா பேரண்ட்ஸுக்கு ஒண்ணும் புரியாது. கையில பேப்பர் இருந்தா பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க." நானூறு பிரதி.

பரணியின் அப்பா வியாழன் மாலை டியூட்டியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாராம். பள்ளி விழாவுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. மூன்று முறை சொன்னாள்.

அம்மாவுக்குப் பல் டாக்டர்: சனி, மாலை ■■.

நவம்பர் 12, புதன்

ஒத்திகை. விழாத் தாள்கள் வந்திருந்தன. பரணி கையில் ஒன்று. காலால் தட்ட வேண்டிய இடத்தில், அச்சிட்டிருக்கிறதே என்று, அந்தப் பெயரை மைக்கில் உரக்கச் சொன்னாள். அழகான உச்சரிப்பு.

டேரன் தாளத்தை நிறுத்தினார். தாளை வாங்கிப் பார்த்தார். வெளியே போய்விட்டார்.

பஸ் நிற்கும் இடத்தில், வேப்பமர நிழலில், தரையில் உட்கார்ந்திருந்தார். அருகில் போய் நின்றேன். இறந்தவரின் பெயரைச் சொல்லக் கூடாது, எழுதியும் காட்டக் கூடாது. எவ்வளவு காலம் என்பதைக் குடும்பம் முடிவு செய்யும். அந்தச் சிடி அவன் உயிரோடு இருந்தபோது வந்ததாம். "அவன் அம்மா இன்னும் சரி சொல்லவில்லை" என்றார். கத்தவில்லை. பிறகு, "என்னைக் கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். இருபது அடி தூரத்தில் இருந்தார்.

இதைவிட மோசம்: இந்த வழக்கத்தை ஒரு புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் கோடு போட்ட ஞாபகம்கூட இருக்கிறது. படித்து என்ன பிரயோசனம். காலிக் கட்டத்தைப் பார்த்ததும் கை நிரப்பப் போய்விட்டது.

அப்புறம் லலிதா மேடம் அறை.

"அப்ரூவ் ஆன பேப்பர்ல பேர் இருக்கு. பாடும்போது இல்லைன்னா கேள்வி வரும்" என்றார் பஷீர் பாய். "முத்திரை விழுந்ததைத் திருத்தக் குடுத்தா ரெண்டு நாள் ஆகும். நாளைக்கு ஃபங்ஷன்."

"ஒரு பேர்தானே, சொல்லிட்டுப் போகட்டுமே."

"மேடம், அவர் சொல்ல மாட்டார்."

"அப்ப பாட்டு வேண்டாம். மரம் நடுவோம் பாட்டு ரெடியாத்தானே இருக்கு?"

பரணியின் நான்கு வரிகளையாவது தனியாக? அதே தாள், அதே முத்திரை. முடியாது. மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை மேடம் மணியைப் பார்த்தார்.

டேரன் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் பெயரோடு எந்தத் தாளும் குப்பைக்குப் போகக் கூடாது. நூலகத்தில் உட்கார்ந்து நானூறையும் கறுப்பு மார்க்கரால் அடித்தேன். மேடம் எட்டிப்பார்த்து, "தூக்கிப் போடுறதுக்கு எதுக்குடி அடிக்கிறே?" அடுத்த தாளை எடுத்தேன். பாதியில் பரணி வந்து இன்னொரு மார்க்கரை எடுத்துக்கொண்டாள்.

"நான் வாசிச்சதாலதானே மிஸ்?"

"இல்லை. நான் எழுதியதால்."

நம்பினாளா, தெரியவில்லை.

நவம்பர் 13, வியாழன்

விழா. வரவேற்பு நடனம், மரம் நடுவோம், மாறுவேடப் போட்டி (நேரு ஒன்பது பேர்). டேரனுக்குச் சால்வை, பித்தளையில் ஒட்டகம். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி இறங்கிவிட்டார்.

கடைசி வரிசையில் பரணியின் அப்பா. இஸ்திரி போட்ட சட்டை, நகக்கண்ணில் போகாத கிரீஸ். முடியும்வரை காத்திருந்தவர் என்னிடம் வந்தார்.

"மேடம், பாப்பா எப்ப வரும்?"

சொன்னேன். என் தவறு என்பதையும் சேர்த்து.

"அதுக்கென்ன மேடம். அடுத்த வருசம் பாத்துக்கலாம்." எனக்கே ஆறுதல் சொல்கிறார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பஸ் கிளம்பும் நேரம். டேரன் பரணியைப் பார்த்து, அப்பா வந்திருக்கிறாரே என்று மட்டும் சொன்னார். அவள் வெகுநேரம் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அங்கேயே தொடங்கினாள். மைக் இல்லை. டேரன் பஸ்ஸின் தகரத்தில் விரலால் தாளம். அவருடைய இரண்டு வரி, ஒரு நிறுத்தம், தரையில் இரண்டு தட்டு.

"ஏம் பாப்பா நிறுத்திட்ட? மறந்துபோச்சா?"

"இல்லப்பா. அது அப்படித்தான்."

பிறகு தன் வரிகளைச் சொன்னாள். அப்பா கை என்ற இடத்தில் அவர் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டார்.

டிரைவர்: "யல்லா, யல்லா."

நவம்பர் 14, வெள்ளி

விடுமுறை. வெயில் இதமாக இருந்தது. துணி துவைத்தேன்.

டேரன் காலை விமானத்தில் போய்விட்டார். விடைபெறும்போது கை கொடுத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மதியம் இந்த டைரியைப் புரட்டியபோது திங்கள்கிழமைப் பக்கத்தில் கண்ணில் பட்டது. நீல மையில், என் கையெழுத்தில், அந்தப் பெயர். நானூறோடு முடிந்தது என்று எண்ணியிருந்தேன். பையில் மார்க்கர் இருந்தது. அடித்தேன். மை பின்பக்கத்துக்கும் ஊறிவிட்டது. பல் டாக்டர் எத்தனை மணிக்கு என்று அம்மா கேட்கிறாள்.