அற்பப் பாவம்

செலியமேடு
12 பிப்ரவரி 1934, திங்கள்

கரும்பு வெட்டு தொடங்கி இருபது நாள். விடியுமுன் எங்கள் வெல்ல ஆலைக்குப் போனால் விளக்கு வைக்கும்போதுதான் வீடு. நாலு பிள்ளைகள், பதினெட்டு கூலியாட்கள், எல்லோருக்கும் கஞ்சி. செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டே ஆட்களை ஏவுகிறேன். ஐந்தாவது மணியில் மாட்டைத் திட்டுகிறேன், ஆறாவதில் ஆளை. இதற்குப் பெயர் செபமா? சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

புதுச்சேரிக் கன்னியர் மடத்தில் மார்ச் 12 முதல் மூன்று நாள் பெண்களுக்கு ஞான ஒடுக்கமாம். மௌனம், பூசை, தியானம். போயே ஆகவேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஆலை ஓடும்போதா?" என்றார். அவ்வளவுதான்.

14 பிப்ரவரி, விபூதிப் புதன்

காலையில் நெற்றியில் சாம்பல் வாங்கினேன். கண் கலங்கியது. பத்து மணிக்குள் கை நீட்டிவிட்டேன்.

அடுப்புக்குக் கரும்புச் சக்கை போடும் கலியம்மாளை இடத்தில் காணோம். தீ தணிந்து ஒரு கொப்பரைப் பாகு பதம் கெட்டது. தேடிப்போனால் வேலியோரம் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். மூன்று மாதப் பிள்ளை. அறைந்தேன். செபமாலை சுற்றிய கை. மாலைச் சிலுவையின் பாடுபட்ட சுரூபம் அவள் கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. அவள் அழவில்லை. பிள்ளையைத் தூளியில் போட்டு, முந்தானையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்புக்குப் போனாள்.

15 பிப்ரவரி

சுரூபத்தின் இடுக்கில் காய்ந்திருந்த ரத்தத்தை ஊசியால் சுரண்டி எடுத்தேன்.

17 பிப்ரவரி, சனி

பங்குச் சாமியாரிடம் என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. சாமியார் கொட்டாவியை அடக்கியது எனக்குக் கேட்டது. கோபம்தானே, அற்பப் பாவம், ஆட்களை அதட்டாமல் வேலை நடக்குமா என்றார். மூன்று அருள் நிறைந்த மந்திரம் அபராதம். கோயில் வாசலைத் தாண்டுமுன் சொல்லி முடித்துவிட்டேன்.

ஒருத்தி முகத்துக்கு மூன்று மந்திரம். சீ.

18 பிப்ரவரி, ஞாயிறு

பூசையில் எல்லோரும் நன்மை அப்பம் வாங்கப் போனபோது நான் எழுந்து போகவில்லை. பட்டுச்சேலைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. ஊர் என்ன நினைக்கும் என்று அவர் வழியெல்லாம் முணுமுணுத்தார். நேற்றுவரை எனக்கும் அதுதானே பெரிது?

21 பிப்ரவரி

கலியம்மாளைத் தனியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். காயம் கறுத்து உலர்ந்திருக்கிறது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"மன்னிப்பு கேட்டுட்டு நீங்க லேசாப் பூடுவீங்க. எனுக்கு இன்னாம்மா ஆவும்? நாளிக்கும் இந்த அடுப்புக்குத்தான வரணும். காலைல ஒரு வாட்டி, மத்தியானம் ஒரு வாட்டி, கொயந்தைக்குப் பால் குடுத்துட்டு வர உடுங்க. போதும்."

சரி என்றேன். அடுப்பை யார் பார்ப்பது? அதை யோசிக்காமலே சொல்லிவிட்டேன்.

26 பிப்ரவரி

நான்தான் பார்க்கிறேன். அவள் போய்வரும்வரை அடுப்பு வாயில் குந்தி சக்கை தள்ளுகிறேன். உள்ளங்கை கொப்புளம், தலையெல்லாம் கரி. ஊர் சிரிக்கிறது என்கிறார் அவர். கைப்பிள்ளைக்காரி வள்ளியம்மாளும் இன்று வந்து கேட்டாள். அவளையும் அனுப்பினேன்.

2 மார்ச்

இதுவும் வேஷமோ? கலியம்மாள் திரும்பி வரும்போதெல்லாம் நன்றி தேடி அவள் முகத்தைப் பார்க்கிறேன். அவள் காட்டுவதில்லை. எனக்கோ ஆத்திரம் வருகிறது! அடித்தவளுக்கு நன்றி வேறு வேண்டுமாம். இந்தப் பிச்சைக்கார மனசை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்.

7 மார்ச்

அவர் தாமாகவே சொன்னார்: ஞான ஒடுக்கத்துக்குப் போய்வா, வண்டி பூட்டித் தருகிறேன். நம்பமுடியவில்லை. எத்தனை வருஷத்து ஆசை. ஆண்டவரே, மூன்று நாள் இந்தப் புகையில்லாமல், என் குரலை நானே கேட்காமல் இருப்பேன்.

11 மார்ச், ஞாயிறு

துணி மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். கண்காணி பச்சையப்பனிடம் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மா திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் பழையபடி ஆயிடணும். புள்ளைய தூக்கிக்கினு எவளும் ஆலைப்பக்கம் வரக்கூடாது. வந்தா வேலை இல்லன்னு சொல்லிடு."

அதற்குத்தான் வண்டி. அதைவிடக் கேவலம், கேட்ட பிறகும் போய்விடலாமா என்று கொஞ்ச நேரம் நினைத்தேன். மூன்று நாள்தானே என்று. ஆண்டவரைத் தேடிப் போகிறவளின் லட்சணம் இது.

12 மார்ச், திங்கள்

வண்டி வாசலில் நின்றது. மாட்டை அவிழ்க்கச் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். பச்சையப்பனும் யாரையும் தடுக்கவில்லை. நான் ஆலையிலேயே நின்றேனே.

காலைப் பால்வேளைக்குக் கலியம்மாள் போனதும் அடுப்பு வாயில் உட்கார்ந்தேன். போனவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். நீங்கள் புதுச்சேரிக்குப் போவதாகச் சொன்னார்களே என்றாள். போகவில்லை என்றேன். பக்கத்தில் வந்து குந்தினாள்.

"இப்டி அள்ளி அடைச்சா பொகைதாம்மா வரும். கொஞ்சங் கொஞ்சமா, உதறிப் போடணும்."

அவள் சொன்னபடி போட்டேன்.