நீங்கள் எல்லோருக்கும் சொன்ன சொல்

சிஸ்டர்,

உங்களுக்கு நான் எழுதக்கூடாது. இறந்தவர்களுக்காக ஜெபிப்பது இந்த மடத்தில் வழக்கம்; அவர்களுக்குக் கடிதம் எழுதுவது வழக்கமில்லை. நானோ ஜெபமாலையை எந்தப் பக்கம் உருட்டுவது என்றுகூடத் தெரியாத வேற்று மதத்துப் பெண். மன்னித்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியதை நான் எப்போதும் காலங்கடந்துதான் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை ரொம்பவே கடந்துவிட்டது.

இன்று காலையில் சாயம் பூசுவதற்காக மடத்தின் வெளிக்கதவைக் கழற்றினார்கள். குறுக்கே போடும் இரும்புத் தாழை என் வகுப்பறைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பிள்ளைகள் யாராவது காலில் போட்டுக்கொள்வார்களே என்று அதை எடுத்து ஓரமாக வைத்தேன். அவ்வளவுதான். உள்ளங்கையில் துரு வாடை ஏறிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவினேன். எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன். இதை எழுதும்போதும் அது போகவில்லை.

மத்தியானம் துணி வெளுக்கும் இடத்திலிருந்து பேச்சி வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"யக்கா, அவிய ஜெயிலவிட்டு வெளிய வந்துட்டாவளாம். நாளைக்குக் காலைல இங்க வாராவளாம்."

"உன்னைப் பார்க்கவா?"

"என்னைய இல்லியாம். அந்தக் கன்னியாஸ்திரீ அம்மாவப் பாக்கணுமாம். ஒரே ஒரு கேள்வி கேக்கணுமாம். கேட்டுட்டுப் போயிருவாவளாம்."

நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது என்று அவள் புருஷனுக்கு யாரும் சொல்லவில்லை. பேச்சி தரையைப் பார்த்தபடி, "நான் வாசல் கேட்டுப் பக்கம் வரமாட்டேன். நீங்க போயிப் பேசுங்க, நீங்கதான் படிச்சவிய" என்றாள். போகிறபோது திரும்பி, "கால விந்தி விந்தி நடக்காவளாம்" என்றாள்.

அவன் கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்லவேண்டிய ஆள் நான்தான். உங்களுக்குக்கூட அது தெரியாது. அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் விதுரையிலிருந்து கல்லூரிக்கு வந்து, மடத்து ஹாஸ்டலில் சேர்ந்த வருஷம் நினைவிருக்கிறதா? அப்பா பலசரக்குக் கடைக்காரர்; கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாதவர். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். யாராவது பெயர் கேட்டால் நோட்டு அட்டையைக் காட்டுவேன். நீங்கள் மருந்தறை சிஸ்டர். கோட்டயத்துப் பக்கத்துக்காரர், தமிழ் அரைகுறை. உங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிற தமிழர்கள். ஒரு சனிக்கிழமை என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள்.

"குட்டி தமிழும் அறியும், மலையாளமும் அறியும். இனி இவ்விடெ நில்லு."

"எனக்குப் பேச வராது சிஸ்டர்."

"நீ பேசண்டா. நான் பறையிறதை அவங்ஙளுக்குச் சொல்லு, அது மதி. அது உன் பேச்சல்ல, என் பேச்சு. பின்னே எந்தினா நாணம்?"

அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. அப்படித்தான் உங்கள் வாயாக ஆனேன். ஆனாலும் வாய் திறக்க நேரமானால், "என் மிண்டாப்பூச்ச எவிடெ?" என்பீர்கள். பேசாத பூனை. நோயாளிகள் சிரிப்பார்கள். ஒரு கிழவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "மியாவ்" என்பார்.

பல் பிடுங்கும்போதும் கட்டியைக் கீறும்போதும் நீங்கள் சொன்னது ஒரே சொல். "பேடிக்கண்டா." உடனே நான், "பயப்படாதீங்கன்னு சொல்றாங்க" என்பேன். நூறு தடவை சொல்லியிருப்பேன்.

பேச்சி வந்த அன்று மட்டும் ஒரு நிமிஷம் பிந்திவிட்டேன்.

பொன்முடிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து இறங்கி அப்பா கடைவரை நடந்தே வந்திருந்தாள். அப்பா யாரையோ பிடித்து ஒரு சீட்டு எழுதவைத்து அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தார். 'இந்தப் பெண்ணை மதர்களிடம் சேர். கேள்வி கேட்காதே.' கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. எரிகிற கொள்ளியால் புருஷன் அவள் முதுகில் இழுத்திருந்தான். சீலை தோலோடு ஒட்டிப்போயிருந்தது. காதுத்தண்டு கிழிந்து தொங்கியது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி நீங்கள் சீலையை நூல் நூலாகப் பிரித்தீர்கள். தோலும் கூடவே வந்தது. அவள் வாயில் நீங்கள் கொடுத்த துணிச்சுருளைக் கடித்துக்கொண்டு கத்தினாள். நீங்கள் அவள் காதோரம் குனிந்து "பேடிக்கண்டா, பேடிக்கண்டா" என்றீர்கள். நான் பஞ்சு எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பேச்சி அத்தனை வலியிலும் என்னை முறைத்தாள்.

"என்னக்கா, இந்தம்மா என்னையப் போயி பேடிங்குதாவ? நான் என்ன ஆம்பிளையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். அர்த்தத்தைச் சொன்னதும் அவளும் சிரித்தாள். சிரித்ததில் முதுகு விண்டு இன்னும் ரத்தம் வந்தது.

"எந்தா சிரி?" என்று கேட்டீர்கள்.

"ஒன்றுமில்லை சிஸ்டர்."

மலையாளத்தில் பயம் என்பதற்கு உள்ள சொல், தமிழில் ஆண்மையற்றவனைத் திட்டுகிற சொல் என்று ஒரு கன்னியாஸ்திரீயிடம் எந்த பாஷையில் சொல்வது? எனக்கு வெட்கம். பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலையே பேச்சி மற்றதையும் சொன்னாள். கலியாணமாகி எட்டு வருஷம், பிள்ளையில்லை. எஸ்டேட் லயத்துக் குடியிருப்பில் ஆண்கள் அவள் புருஷனை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். அதைக் கேட்டுவிட்டு வருகிற நாளெல்லாம் அவளுக்கு அடி. அப்போதாவது உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். வாசல்வரை வந்தேன். நீங்கள் ஜெபத்தில் இருந்தீர்கள். திரும்பிப் போய்விட்டேன்.

பதினோராம் நாள், உச்சிவேளை. ஆத்தும சோதனைக்கு மணி அடித்தது. அந்த மணி கேட்டதும் மடத்தில் எல்லோரும் இருந்த இடத்திலேயே நின்றுவிடுவீர்கள். கரண்டியும் கையுமாக, துடைப்பமும் கையுமாக. காலையிலிருந்து சொன்னது, செய்தது, செய்யாமல் விட்டது எல்லாவற்றையும் மனசுக்குள் புரட்டிப் பார்க்க வேண்டும். நீங்கள் அயோடின் குப்பியைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தீர்கள். அப்போதுதான் சத்தம் கேட்டது.

"ஏட்டி பேச்சி! வெளிய வாட்டி!"

பேச்சி கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். நீங்கள் குப்பியை வைத்துவிட்டு நடந்தீர்கள். நானும் பின்னால் வந்தேன். காவல்காரர் சாப்பிடப் போயிருந்தார். கம்பியிடுக்கில் கையை விட்டுத் தாழைப் பிடுங்கித் தரையில் எறிந்துவிட்டு அவன் உள்ளே நின்றான். கையில் கவ்வாத்துக் கத்தி, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற வளைந்த கத்தி. மலையில் தமிழாட்களோடு மட்டும் இருந்தவன். மலையாளம் ஒரு சொல் தெரியாது.

"எம்பொண்டாட்டிய விடுங்க. உள்ள வச்சுக்கிட்டு என்ன பண்ணுதிய?"

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "கை நடுங்குது, கண்டோ? பாவம்." பிறகு அவனை நோக்கி இரண்டு எட்டு வைத்தீர்கள். கட்டி கீறுவதற்கு முன் எல்லோரையும் பார்க்கிற அதே முகம்.

"பேடிக்கண்டா, மோனே."

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். "என்ன சொன்ன?" என்றான்.

அவனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து, சிரித்துக்கொண்டே இன்னும் உரக்கச் சொன்னீர்கள். "பேடிக்கண்டா!"

என் முறை அது. 'பயப்படாதேன்னு சொல்றாங்க.' நூறு தடவை சொன்னது. வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

முதல் வெட்டு, நீங்கள் தூக்கிய வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பிளந்துகொண்டு போனது. இரண்டாவது தோளில். உங்கள் வெள்ளை அங்கியில் சிவப்பு பரவிய வேகத்தை நான் இன்றைக்கும் எந்த வெள்ளைத் துணியிலும் பார்க்கிறேன். நீங்கள் கத்தவே இல்லை. உட்கார்ந்தீர்கள். கத்தியது நான். வார்த்தைக்கு வராத குரல் அதற்கு வந்தது.

தெருவில் போன வண்டிக்காரர்களும் மூட்டை தூக்குகிற சுமட்டாட்களும் ஓடிவந்தார்கள். கத்தியைத் தட்டிவிட்டு அவனைக் கீழே தள்ளினார்கள். உதைத்தார்கள். ஒருவர் நுகத்தடி முளையால் முகத்தில் அடித்தார். பல் தெறித்து என் பாவாடையில் விழுந்தது. அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். விதுரைக் கடையில் என்னைக் கண்டிருக்கிறான்.

"கடைக்காரர் மகளே, அந்தம்மா என்னைய அப்படிச் சொல்லலாமா தாயி?"

சிஸ்டர், அவன் என்னிடம் கேட்டான். அத்தனை அடிக்கு நடுவில், தமிழ் தெரிந்தவளிடம், நியாயம் கேட்டான். பதில் என் நாக்கில் இருந்தது. நான் குனிந்து தரையில் கிடந்த தாழை எடுத்தேன். அவன் முழங்காலில் போட்டேன். பச்சை மட்டை முறிகிற சத்தம் கேட்டது. மறுபடியும் போட்டேன். செத்துப்போ என்று நினைத்தேன். மூன்றாவது தடவை ஓங்கியபோதுதான் உங்கள் குரல் கேட்டது.

"மதி, மோளே. மதி."

போதும் என்று சொல்லிவிட்டு, தொங்குகிற கையை இழுத்துக்கொண்டு தரையில் நகர்ந்து வந்து அவன்மேல் கவிழ்ந்து படுத்தீர்கள். கன்னியாஸ்திரீயின் முதுகில் யார் அடிப்பார்கள்? கூட்டம் நின்றது. உங்கள் ரத்தம் அவன் கண்ணில் வழிந்தது. நான் தாழைக் கீழே போட்டேன்.

காலை முறித்தது கூட்டம்தான் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். நீங்களும் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கோர்ட்டில் ஏன் வெட்டினாய் என்று கேட்டதற்கு, "பேடின்னு சொன்னாவ சாமி, ரெண்டு தரம் சொன்னாவ" என்றான். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வக்கீல், "ஜெபம் சொல்கிற வாயிலிருந்தா அந்த வார்த்தை வரும்?" என்றார். இன்னும் சிரிப்பு. பிறகு என்னைக் கூப்பிட்டு, சிஸ்டர் என்ன சொன்னார்கள் என்று கேட்டார்கள். "பயப்படாதே என்று சொன்னார்கள்" என்றேன். அதில் பொய்யில்லை. மேலே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அத்தனை ஆண்களுக்கு நடுவில் அந்தச் சொல்லை விளக்க வேண்டுமே என்று கூசியது. அந்த வெட்கத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: அவன் உள்ளே போகட்டும் என்று விரும்பினேன். போனான், கன்னியாஸ்திரீயை வெட்டினவன் மட்டுமல்ல, கன்னியாஸ்திரீ மேல் பழிபோடும் பொய்யன் என்ற பேரோடு.

அவனுக்கு இரக்கம் காட்டச் சொல்லி நீங்கள் இடது கையால் எழுதிக் கொடுத்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைக் கேட்டீர்கள்.

"குட்டி, அவன் கோர்ட்டில் பறஞ்ஞ வார்த்தை எந்தா? நான் எந்தோ பறஞ்ஞு அவனை நோவிச்சு, அல்லே?"

"எனக்குத் தெரியலை சிஸ்டர்."

என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு, பரவாயில்லை என்பதாக, "சாரமில்ல" என்றீர்கள்.

திரும்பி வந்த பிறகு உங்கள் வலது கை மடங்கவே இல்லை. இடது கையால் கட்டுப் போடப் பழகினீர்கள். ஆனால் உச்சிவேளை மணிக்கு மற்றவர்கள் கண் திறந்த பிறகும் நீங்கள் திறக்கமாட்டீர்கள். இல்லாத ஒரு குற்றத்தைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்திலேயே நின்றேன், பஞ்சும் கையுமாக. மூன்று வருஷம். மூன்றாவது வருஷ மழைக்காலத்தில் விஷஜுரம் உங்களை எட்டு நாளில் கொண்டுபோனது. அப்போதும் தேடிக்கொண்டேதான் போயிருப்பீர்கள். அவன் வெட்டியது உங்கள் கையை. நான் செய்ததை எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தேட வேண்டாம் சிஸ்டர். நீங்கள் ஒரு தப்பும் சொல்லவில்லை. பயப்படாதே என்றுதான் சொன்னீர்கள். பாதி வழியில் நான் அதை விட்டுவிட்டேன்.

இப்போது நான் பி.ஏ. படித்த டீச்சர். நாற்பது பிள்ளைகள் முன்னால் உரக்கப் பேசுகிறேன். எல்லாம் புத்தகத்தில் இருப்பது, என் பேச்சல்ல. இன்றைக்கும் மருந்தறையில் புது சிஸ்டர் யாரிடமாவது அந்தச் சொல்லைச் சொன்னால், எங்கே இருந்தாலும் ஓடிப்போய் அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள்.

நாளைக் காலையில் அவன் வருவான். கதவில்லாத வாசலில் நிற்பான். சிஸ்டர் இறந்துவிட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவிடலாம், அவனும் போய்விடுவான். பேச்சிகூட அதைத்தான் எதிர்பார்க்கிறாள். ஆனால் அவன் கேட்கட்டும். கேட்டதும், அந்தச் சொல்லுக்கு இங்கே என்ன அர்த்தம் என்று சொல்லப்போகிறேன். நீ பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும், தெரிந்தே சும்மா இருந்தேன் என்று சொல்லப்போகிறேன். பிறகு அவன் காலைக் காட்டி, அது கூட்டம் முறித்ததல்ல என்று சொல்லவேண்டும். அவன் என்ன செய்வானோ தெரியாது. தாழைப் பேச்சியிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டேன், அவன் கைக்கும் என் கைக்கும் எட்டாமல்.

இது உங்கள் பேச்சில்லை சிஸ்டர், என்னுடையது. அதனால்தான் கை இப்படி நடுங்குகிறது. எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

கடைசிவரை கேட்காமல் வைத்திருந்ததை இப்போது கேட்டுவிடுகிறேன். நாளை அந்த வாசலில் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், நீங்கள் எல்லோருக்கும் சொன்ன அந்தச் சொல்லை எனக்கு ஒரு தரம் சொல்லுங்கள். எனக்கு அர்த்தம் தெரியும்.