கைத் தழும்புகளின் காரணம்

சிவமயம்

வெள்ளவத்தை,
21.10.2007

அன்பின் அத்தானுக்கு அருந்ததி எழுதிக்கொள்வது.

நான் நலம். வழக்கத்துக்காக எழுதும் நலம் அல்ல, உண்மையாகவே நலம். நீங்களும் மாமியும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே சவர்க்காரமும் பால்மாவும் கிடைப்பதில்லை என்று இங்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். சண்முகலிங்கம் மாஸ்டர் புதன்கிழமை இரத்மலானையில் யாழ்ப்பாண விமானம் ஏறுகிறார். அவரிடம் சவர்க்காரமும், மாமியின் பிரஷர் மாத்திரை இரண்டு மாதத்துக்கும் கொடுத்துவிட்டிருக்கிறேன். இந்தக் கடிதமும் அவர் கையிலேயே வருகிறது. ஆகையால் தொலைபேசியில் சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

போன மாதக் கடைசியில் பத்து நாள் உங்களோடு கதைக்காமல் இருந்தேன். காய்ச்சல் என்று பிறகு சொன்னேன். அது பொய். குரலில் பிடித்துவிடுவீர்கள் என்ற பயத்தில்தான் தொலைபேசி எடுக்கவில்லை.

அன்று திங்கட்கிழமை. தோல் டொக்டரிடம் போவதற்காகக் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கொச்சிக்கடைக்கு முன்னால் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை இருந்தது, பொலிஸ் பதிவுத் துண்டும் இருந்தது. விலாசம் யாழ்ப்பாணம். அந்த வெயிலில் மணிக்கட்டு வரை மூடிய சட்டை ஏன் என்று ஒரு பெண் பொலிஸ் கேட்டாள். சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னாள். இரண்டு முழங்கைக்குக் கீழும் இருக்கும் வட்டத் தழும்புகளைப் பார்த்ததும் சார்ஜன்டைக் கூப்பிட்டாள். அவருக்கு அவை ஷெல் துண்டு பட்ட காயங்களாகத் தெரிந்தன. என் சிங்களம் உங்களுக்குத் தெரியும்தானே. “லெட, லெட” என்று, நோய், வருத்தம் என்பதற்கு எனக்குத் தெரிந்த அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கைப்பையில் இருந்த மாத்திரைகளும் பெயர் எழுதாத சின்ன உறையில் கிடந்தன. அது இன்னும் பிழையாகப் போயிற்று.

அடுத்த நாள் மத்தியானம் வரை பொலிஸில் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். “எங்க காயப்பட்டாய், எந்த வருஷம்” என்று அரைகுறைத் தமிழில் மாறி மாறிக் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், வெயில் பட்டால் தோல் சிவந்து, செதிலாகி, ஆறும்போது தழும்பாகிறது என்றேன். காற்று வீசுகிறது என்று சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் காணவில்லை என்று தேடியவர் நான் அறை எடுத்திருக்கும் வீட்டு அன்னபாக்கியம் அக்காதான். நான் பொலிஸில் இருப்பதை விசாரித்து அறிந்து, விடிந்ததும் என் தோல் டொக்டர் பஹ்மியாவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். டொக்டர் காத்திருந்த நோயாளிகளை விட்டுவிட்டு, என் தோலில் வெட்டி எடுத்த துண்டின் பரிசோதனை அறிக்கையோடு பொலிஸுக்கே வந்துவிட்டார். வாசலில் அவருடைய குரலைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

பொறுப்பதிகாரி அறிக்கையை வாசித்துவிட்டு, வெளியிலிருந்து எதுவும் படாமல் உடம்பு தன்னைத்தானே இப்படிப் புண்ணாக்குமா என்று கேட்டாராம். டொக்டர் மேசையில் இருந்த தாளொன்றை இழுத்து வட்டம் வட்டமாகக் கீறிச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அரை மணித்தியாலத்தில் விட்டுவிட்டார்கள். சட்டைக் கையைச் சுருட்டச் சொன்ன அந்தப் பெண் பொலிஸ் வாசல் படலை வரை கூடவே வந்தாள். தன் மகளின் முழங்கையிலும் செதில் செதிலாக இருக்கிறது என்று டொக்டரிடம் மெதுவாகச் சொன்னாளாம். டொக்டர் விலாசம் எழுதிக் கொடுத்தார். பிறகு அவள் என்னைப் பார்த்து, “நங்கி, பயவென்ன எபா” என்றாள். தங்கச்சி, பயப்படாதே என்று அர்த்தமாம். அவளை வெறுக்கத்தான் நினைத்தேன், அத்தான். முடியவில்லை.

ஓட்டோவில் வரும்போது, அந்தத் தாளில் என்ன கீறினீர்கள் என்று டொக்டரைக் கேட்டேன். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்ல வேண்டும். உடம்பின் கலம் என்றால் மென்சவ்வு, கரு, முதலுரு என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் கீறியிருப்பேன்! ஒவ்வொரு கலமும் தன் வீட்டைத் தானே கூட்டுகிறது என்று எனக்குத் தெரியாது. உடைந்த துண்டுகள், பழுதான பகுதிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, கரைத்து, அதிலிருந்தே புதிதாகக் கட்டிக்கொள்கிறதாம். தோலுக்கு அந்த வேலை நிறைய. வெயில் படுகிற இடம், அடிக்கடி பழுதாகிற இடம் அல்லவா?

“அந்தத் துப்புரவு சரியா நடக்காட்டி குப்பை உள்ளேயே தங்கிடும். அதப் பார்த்து, கிருமிய எதிர்க்கிற கலங்கள் யாரோ அந்நியர் வந்துட்டாங்கன்னு நினைச்சு சொந்தத் தோலயே தாக்கும்” என்றார் டொக்டர்.

என்னுடைய வருத்தத்துக்கு அதுதான் காரணமா என்று கேட்டேன். “அப்படி அடிச்சுச் சொல்ல ஏலாது. இப்பதான் தேடிட்டு இருக்காங்க. ஒரு குடல் வருத்தத்தில இந்தத் துப்புரவுக்கான பரம்பரை அலகு, ஜீன், ஒன்டு இந்த வருஷம் பிடிபட்டிருக்கு. உங்க லூபஸ் வருத்தத்திலயும் அப்படி இருக்கலாம்னு சந்தேகம்” என்றார். அப்படியென்றால் இந்த மாத்திரை துப்புரவை அதிகமாக்குகிறதா என்றேன். சிரித்துவிட்டார். நேர்மாறாம்! கரைக்கிற பையை அது கொஞ்சம் மந்தமாக்குகிறதாம். ஆனாலும் தாக்குகிற கலங்களை அடக்குகிறது, ஐம்பது வருஷம் போலப் பாவிக்கிறார்கள் என்றார். எல்லாம் தெரிந்ததுபோல் நடிக்காத ஒரு டொக்டரை முதல்முறை பார்க்கிறேன். அதனால்தான் அவர் சொல்வதை நம்புகிறேன்.

எந்தப் பாவத்துக்கு இது என்று மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு கலத்துக்குள் கூட்டாமல் கிடந்த குப்பையாக இருக்கலாம் என்று கேட்டபோது எவ்வளவு இலேசாக இருந்தது தெரியுமா?

இப்போது கன்னத்துச் சிவப்பு அடங்கிவிட்டது. புதிதாக ஒரு இடத்திலும் வரவில்லை. முன்னந்தலையில் கொட்டிய இடத்தில் குட்டி மயிர் முளைக்கிறது. அக்கா தினமும் விளக்கடியில் என்னை இருத்திப் பார்க்கிறார். பழைய தழும்புகள் போகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைச் சோதிக்க வேண்டும், வெயிலுக்குக் குடை வேண்டும். மூன்று மொழியிலும் எழுதி முத்திரை குத்திய கடிதம் ஒன்று தந்திருக்கிறார். அது எப்போதும் என் கைப்பையில் இருக்கும். போன வெள்ளி அதே பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்தேன். கொச்சிக்கடையில் அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மாமியிடம் ஒன்று சொல்லுங்கள். இது தொற்றுகிற வருத்தமில்லை. எனக்கென்று தனிக் கோப்பையும் தனித் துவாயும் வைத்ததில் எனக்குக் கோபமில்லை, அவர் பயந்ததும் உங்களுக்காகத்தானே. நான் வந்தால் எல்லோரும் குடிக்கும் கோப்பைகளில்தான் தேத்தண்ணி குடிப்பேன்.

பலாலியில் விமானம் ஏறும்போது, “நான் திரும்பி வராட்டில் நீங்கள் வேற ஒராளைப் பார்த்து…” என்று தொடங்கினேன். நீங்கள் என் வாயைப் பொத்தினீர்கள். அந்தப் பேச்சைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். கொழும்புக்கு வர அனுமதி கேட்டு நாளைக்கே விண்ணப்பம் போடுங்கள். பாடசாலை லீவு, ஆமி கிளியரன்ஸ் எல்லாம் இழுபடும் என்று தெரியும். இழுபட்டாலும் பரவாயில்லை, தை கழிந்து வந்தாலும் போதும். வருத்தம் இப்படியே ஆறு மாதம் அடங்கியிருந்தால் தொட்டில் ஒன்றைப் பற்றியும் யோசிக்கலாம் என்று டொக்டர் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் மருந்துத் துண்டை எழுதிக்கொண்டிருந்தார். நல்ல மனுசி.

முருகன் உங்கள் இருவரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். விண்ணப்பத்தில் பயணத்தின் காரணம் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் மனைவியின் வைத்தியம் என்று மட்டும் எழுதுங்கள். மற்றக் காரணம் நம் இரண்டு பேருக்கும் தெரிந்தால் போதும்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அருந்ததி