முழுகாமல் இருக்கிறாள்

(தபாலட்டை)

சிவமயம்

வெள்ளவத்தை,
01.06.1938

அன்புள்ள மகன் சிவபாதசுந்தரத்துக்கு அம்மா எழுதுவது. இங்கு சுகம். உன் மகள் ஜெகதீஸ்வரி இரண்டு மாதமாய் முழுகாமல் இருக்கிறாள். டாக்டர் வந்து பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மருமகளுக்கு மெல்லமாகச் சொல். ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடாதே. எல்லாம் நல்லபடி முடியும் மட்டும் இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இனி எழுத இடமில்லை.

அம்மா இரத்தினம்மா


(கடிதம்)

சிவமயம்

வெள்ளவத்தை,
11.06.1938

என் மூத்த பிள்ளை சிவபாதசுந்தரம் வாசிக்க, உன்னைப் பெற்றவள் இரத்தினம்மா எழுதிக்கொள்வது.

உன் கடிதம் வியாழக்கிழமை காலை வந்தது. தம்பி, இதை நின்றுகொண்டு வாசிக்காதே. கதிரையில் இருந்து, மருமகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசி. சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் கர்ப்பமாக இல்லை. அவளுக்கு வந்தது நெருப்புக் காய்ச்சல், டாக்டர்மார் டைபொயிட் என்பது. காய்ச்சல் விட்டு உடம்பு தேறும் வரைக்கும் தலைக்குத் தண்ணீர் வார்க்கக் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் பிள்ளை இரண்டு மாதமாய் முழுகவில்லை. முழுகாத பிள்ளையை முழுகாமல் இருக்கிறாள் என்று எழுதினேன். நடந்தது இவ்வளவும்தான். நம்புவதற்குக் கஷ்டமாயிருந்தால், டாக்டர் எழுதித் தந்த துண்டையும் இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். அதை நீயே வாசித்துக்கொள், எனக்கு அந்தக் கோழிக்கிறுக்கல் விளங்காது.

அன்றைக்கே தந்தி அடிக்கலாம் என்று மாக்ரெட் சொன்னாள். நான்தான் வேண்டாமென்றேன். ஒரு தபால் காட்டில் எட்டு வரி எழுதி இவ்வளவு கலகம். தந்தியில் நாலு சொல்லுப் போட்டு இன்னும் என்னென்ன வருமோ என்று பயந்துபோனேன்.

மாக்ரெட் யாரென்று நீ கேட்பாய். எங்கள் முன்னறையை வாடகைக்கு எடுத்திருக்கிற பிள்ளை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, சட்டை தைப்பவள். காய்ச்சல் உச்சத்தில் நின்ற நாட்களில் மெஷினை மூடி வைத்துவிட்டு, எனக்கு ஒரு கண் மூட விட்டு, பிள்ளையின் நெற்றியில் ஈரச்சீலை போட்டுக்கொண்டு இருந்தவள். அவளுக்கு நாங்கள் ஒரு உறவுமுறையும் இல்லை. இதை நீ மறக்கக் கூடாது.

நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். ஆனாலும் இந்த ஒழுங்கையில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் தங்களுக்கு வந்த கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்து வாசிப்பிக்கிறார்கள். அந்தத் தபால் காட்டைத் தானே எழுதித் தருவதாகப் பிள்ளை படுக்கையில் இருந்து கேட்டாள். எனக்கு எழுதத் தெரியும், நீ படு என்றேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது, இவ்வளவு சின்ன இடத்தில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டேனே என்று. இரண்டு மாதமாய் அவளுடைய தலையைத் தவிர வேறொன்றையும் நினைத்திராதவளுக்கு அந்தச் சொல்லின் மற்றப் பொருள் நினைவுக்கு வரவில்லை. ஊரில் நானே எத்தனை பேரைப் பற்றி அப்படிச் சொல்லியிருப்பேன்.

உன் கடிதத்தை நான் வாசிக்கவில்லை தம்பி. இதைச் சொல்லத்தான் கை கூசுகிறது. என் மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் முறிந்துபோய்க் கிடக்கிறது. நீயும் கோபத்தில் எழுத்தை நெருக்கி எழுதியிருந்தாய். பிள்ளை யன்னலடியில் இருந்தாள். ஐயாவிடமிருந்து வந்திருக்கிறது, சத்தமாக வாசி என்று அவளிடம் கொடுத்தேன். அவன் யார், எந்தச் சாதி, எந்த ஊர் என்று நீ கேட்டிருந்த இடத்தில் நிறுத்தினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஏன் நிற்கிறாய், வாசி என்றேன். வகுப்பில் எழும்பி நின்று பாடம் வாசிப்பதுபோல ஒரே குரலில் கடைசி மட்டும் வாசித்தாள். "எனக்கு இனி அப்படியொரு மகள் இல்லை. அவளை நான் தலைமுழுகிவிட்டேன்." அதையும் வாசித்தாள். உன் கையெழுத்தையும் வாசித்தாள்.

பிறகு, காட்டில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். காய்ச்சல் விட்ட பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன், அதனால் நானும் சேர்ந்து சிரித்தேன். பார்த்துக்கொண்டிருக்கவே அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாய்ப் போய்விட்டது. சத்தமில்லாத அழுகை. மாக்ரெட் ஓடிவந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். "காய்ச்சல் எண்டு ஒரு சொல் போட்டிருந்தாப் போதுமே ஆச்சி" என்றாள். அவள் சொன்னது சரிதான். அந்த ஒரு சொல்லை நான் வேண்டுமென்றுதான் போடாமல் விட்டேன். ஏனென்று கீழே எழுதுகிறேன்.

முதலில் பிள்ளையின் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருமகள் மனதைத் திடப்படுத்திக்கொள்ளட்டும். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல் இப்போது இல்லை. மூன்றாம் கிழமை தலையணையில் கத்தை கத்தையாக வந்தது. நெருப்புக் காய்ச்சலுக்கு அப்படித்தான் போகும், திரும்ப வரும் என்று டாக்டர் சொன்னார். பிள்ளை கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். மிச்சம் நிற்பது சோளக்குஞ்சம்போல மெல்லிசாய், தொட்டால் முறிகிற மாதிரி இருக்கிறது. காதுக்கு மேலே மட்டும் புதிதாக அரும்பு விட்டிருக்கிறது. நான் தடவிப் பார்த்தேன்.

அந்தத் தலையை எதைப் போட்டு முழுகவைப்பது என்பதுதான் எனக்கு ஒரு மாதமாய் யோசனை. எங்கள் ஊரில் எல்லாத் தலைக்கும் ஒரே இலுப்பை அரப்பு, ஒரே தேசிக்காய். என்னுடைய தலைக்கு அது சரி. எனக்கு எண்ணெய் வடிகிற மண்டை, தடித்த மயிர், எவ்வளவு உரஞ்சினாலும் தாங்கும். அதையே இந்தப் பிள்ளைக்குத் தேய்த்தால் நிற்கிறதும் போய்விடும். சீயாக்காயும் அப்படித்தான், காய்ந்த தலையை இன்னும் காயவைக்கும். கோட்டையில் வெள்ளைக்காரர் கடையில் ஷாம்பூ என்று போத்தலில் விற்கிறார்களாம். அதற்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் நான் என் பேத்தியின் தலையில் ஊற்றுவேனா?

எதையும் முதலில் மாக்ரெட்டின் தலையில்தான் செய்து பார்த்தேன். அவளுக்குச் சுருட்டை. இவ்வளவு காலமும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கழுவித் தும்பாக்கி வைத்திருந்தாள். வெந்தயத்தை ஊறவைத்து அம்மியில் வெண்ணெய்போல அரைத்து, கட்டித் தேங்காய்ப்பாலில் கரைத்துப் பூசி, அரை மணித்தியாலம் இருத்திவிட்டுக் கழுவினேன். மூன்று முழுக்கில் சீப்பு சிக்காமல் இறங்குகிறது. தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் அதைப் பார்த்துவிட்டு இப்போது என்னிடமும் வருகிறார்கள். யார் வந்தாலும் முதலில் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். பிசுபிசுத்தால் அரப்பு. வறண்டால் வெந்தயம். பொடுகு என்றால் வெந்தயத்தோடு புளித்த தயிர். டப்பாக்களில் கடுதாசி ஒட்டி நானே பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஒரு பிழையும் இல்லை, மாக்ரெட்டிடம் காட்டிவிட்டுத்தான் ஒட்டினேன்.

பிள்ளைக்கு வேறு. பச்சைப்பயற்றை நிழலில் உலர்த்தி இடித்து, மூன்று தரம் வெள்ளைச்சீலையில் அரித்து எடுத்த மா. அதைக் குழைக்கத் தண்ணீர் கூடாது. செவ்வரத்தை இலையைக் கசக்கிப் பிழிந்தால் முட்டை வெள்ளைக்கருபோல வழுவழுவென்று வரும், அதில்தான் குழைக்க வேண்டும். கடைசியாக ஆறிய வடிகஞ்சியால் ஒருதரம் அலசி, பிறகு நல்ல தண்ணீர். உரஞ்சவே கூடாது, விரல் நுனியால் ஒத்தி எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கையில் செவ்வரத்தை இல்லை. பாமன்கடையில் ஒரு சிங்கள நோனாவின் வேலியில் கண்டு, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அவள் பூவாக ஆய்ந்து கை நிறையத் தந்தாள், கோயிலுக்கென்று நினைத்திருப்பாள். இலை வேண்டுமென்று தலையைத் தேய்த்துக் காட்டிய பிறகுதான் விளங்கிச் சிரித்தாள். இப்போது நான் போனால் அவளே கொப்பை வளைத்துப் பிடிக்கிறாள்.

இப்படி எல்லாம் ஆயத்தமாக இருக்கிறது தம்பி. நேற்று டாக்டர் வந்து, இனித் தலைக்கு வார்க்கலாம் என்றார். வருகிற வெள்ளிக்கிழமை முழுக்கு என்று பிள்ளையிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் முழுகாமல்தானே இருக்கிறன் அப்பாச்சி. அது அப்படியே இருக்கட்டும். ஐயா வந்து என்னைக் கண்ணாலை பார்க்கட்டும். அதுவரைக்கும் நான் முழுகமாட்டன்."

ஏசிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். மாக்ரெட்டும் சொன்னாள். அசையவில்லை. ஐயாவுக்கு ஒரு வரி எழுது பிள்ளை என்றால், இல்லாத மகள் எப்படி எழுதுவது என்று கேட்கிறாள். தலை அரிக்கிறது, பொறுத்துக்கொண்டு இருக்கிறாள். இந்தப் பிடிவாதம் யாருடையதென்று மருமகளுக்குத் தெரியும்.

இனி அந்த ஒரு சொல்லை ஏன் விட்டேன் என்பது. தலைமயிர் கொட்டின பெண் என்று ஊரில் ஒரு கதை வரக் கூடாதென்பது ஒரு காரணம். மருமகள் பயந்தவள் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான், ஆனால் அவை பெரிய காரணங்கள் அல்ல. ஆசிரிய வகுப்பில் சேர்க்க அவளைக் கூட்டிவந்து விட்டபோது, அம்மாவிடம் விட்டால் எனக்கு யோசனை இல்லை என்று நீ சொன்னாய். அதை நான் இந்த ஒழுங்கை முழுவதும் சொல்லித் திரிந்தேன். மாசி மாதமே சுகாதாரப் பகுதியார் வீடு வீடாக வந்து, கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாக்ரெட் கொதிக்கவைத்தாள். நான் செய்யவில்லை. இருபது வருடமாய் நானும் உன் ஐயாவும் குடித்த கிணறு, இதற்கென்ன குறை என்று அவர்களோடு வாதாடினேன். பிள்ளை நான் கொடுத்த தண்ணீரைத்தான் குடித்தாள். காய்ச்சல் என்று எழுதியிருந்தால் நீ எப்படி வந்ததென்று கேட்டிருப்பாய். இதுதான் தம்பி. டாக்டருக்கும் நான் இதைச் சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

ஆகையால் உன் கோபம் முழுவதையும் என் பேருக்கு மாற்றிவிடு. ஊரில் தலை காட்ட முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் காட்டை யார் யார் வாசித்தார்களோ அவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டு. கிழவிக்கு எழுதத் தெரியாது, ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று சொல். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அடுத்த முறை நான் ஊருக்கு வரும்போது என் முகத்துக்கு நேரேயும் சிரிக்கட்டும்.

நீ வியாழக்கிழமை இரவு மெயில் ரயிலில் மருமகளையும் கூட்டிக்கொண்டு ஏறு. பள்ளிக்கூடத்தில் லீவு கேட்கத் தயங்காதே. கலியாண முழுக்கு இல்லைத்தான், ஆனாலும் பாலும் அறுகம்புல்லும் எடுத்து வைத்திருப்பேன். நீ முதலில் அவளுடைய தலையில் வை. வைக்கிறபோது தலையைப் பார்த்து முகத்தை மட்டும் சுளிக்காதே. பிறகு நானும் மருமகளும் வார்க்கிறோம். வரும் வழியில் பேச்சு ஒன்றும் ஆயத்தப்படுத்தாதே. நீ வாத்தியார், உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. வந்து பக்கத்தில் இருந்தால் போதும். எழுதியதை எழுதவில்லை என்று ஆக்க முடியாது, அது எனக்கும் உனக்கும் சேர்த்துத்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பிள்ளை வந்து, யாழ்ப்பாண மெயில் காலையில் கோட்டைக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று கேட்டாள். ஏனென்று கேட்டேன். மாக்ரெட் கேட்கச் சொன்னாள் என்றாள். மாக்ரெட்டுக்கு யாழ்ப்பாணத்தில் ஒருவரும் இல்லை.

நீயும் மருமகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும். வந்துவிடு ராசா.

உன் அம்மா,
இரத்தினம்மா